நிறுத்திவைத்தால் படிப்பு வருமா?

எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது, பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது என்றது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இந்தப் பிரிவுக்கு வழங்கும் பெயர் ‘ஆல் பாஸ்’. ஆல் பாஸ் வந்தது, படிப்பு போனது என்ற பேச்சு ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இன்று மறுப்பாரின்றி நடமாடுகிறது. ஃபெயில் ஆவோம் என்ற பயம் இல்லாததால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை, ஐந்திலும் எட்டிலும் ஒரு தேர்வு வைத்துத் தேறாதவர்களை நிறுத்தினால் தரம் தானாக உயரும் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

அரசுகளும் இந்தப் பேச்சுக்குச் செவிசாய்த்தன. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு நடத்தவும், விரும்பும் மாநிலங்கள் தேறாத பிள்ளைகளை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட தன் பள்ளிகளில் நிறுத்திவைப்பை நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடு பழைய நிலையிலேயே தொடரும் என்று பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அறிவித்தார். அந்த அறிவிப்பு ஆசிரியர்களில் பலருக்கே கசந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை என்றால் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் யாரிடம் போய் முறையிடுவார்? அந்தக் குறை உண்மையானது. அதைப் பொய் என்று சொல்லும் எவரும் வகுப்பறையைப் பார்த்ததில்லை. ஆனால் குறைக்குக் காட்டப்படும் காரணம் தவறு, சொல்லப்படும் மருந்து அதைவிடத் தவறு.

முதலில் சட்டம் சொன்னதை முழுதாகப் படிக்க வேண்டும். நிறுத்திவைக்காதே என்று சொன்ன அதே சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் நிலையையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடு என்று 24ஆம் பிரிவில் ஆசிரியருக்குக் கடமை வகுத்தது. தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்று 29ஆம் பிரிவில் சொன்னது. பிள்ளைக்கேற்ற எண்ணிக்கையில் ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பை 25ஆம் பிரிவில் அரசின் மேல் வைத்தது. தேர்வே கூடாது என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை பொதுத்தேர்வில் தேறியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே என்றுதான் 30ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அவற்றில் செலவில்லாதது 16 மட்டுமே, அதனால் அது மறுநாளே அமலுக்கு வந்தது. ஆளும் பணமும் நேரமும் கேட்ட மற்றவை காகிதத்தில் தங்கின. பாதிச் சட்டத்தை நடத்திப் பார்த்துவிட்டு முழுச் சட்டமும் தோற்றது என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

மதிப்பீடு என்ன ஆனது என்பதைத் தமிழகத்திலேயே பார்க்கலாம். 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பாடப்புத்தகம் பருவவாரியாகப் பிரிக்கப்பட்டதால் பையின் சுமை குறைந்தது. அது நல்ல காரியம். வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. அந்த 40இல் 20 செயல்பாடுகளுக்கு, 20 சிறு தேர்வுகளுக்கு. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதைப் பருவம் முடியும் முன்பே கண்டு கைகொடுப்பதற்காக ஏற்பட்டது வளரறி மதிப்பீடு. நடைமுறையில் பல பள்ளிகளில் அது பதிவேட்டு வேலையாகச் சுருங்கியது. கடையில் வாங்கிய படங்களைச் சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவந்தால் செயல்பாடு முடிந்தது. பருவக் கடைசியில் வகுப்பிலுள்ள அத்தனை பெயருக்கும் பாடவாரியாகக் கட்டங்கள் நிரப்பப்பட்டன. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்வைக்கு வந்த அலுவலர் பார்த்தார், பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்று பதிவேடு சொல்லவில்லை. இதில் ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. தனித்தனியாகக் கவனிக்க நேரம் தராத வகுப்பறைக்குள் தனித்தனியாகக் கவனித்ததற்கான ஆதாரத்தைக் கேட்டால் ஆதாரம் மட்டும்தான் உருவாகும்.

அடுத்தது காலக்கணக்கு. ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் 2005 முதல் வீடுவீடாகச் சென்று சோதித்துவரும் ஏசர் அறிக்கைகள், கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள் என்று காட்டுகின்றன. மிச்சப் பேர் அப்போதே பின்தங்கித்தான் இருந்தார்கள். 2010க்குப் பிறகு அந்த விகிதம் சில புள்ளிகள் சரிந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் பள்ளிக்கே வராமலிருந்த பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளுக்குப் போனார்கள், மதிப்பீடு பதிவேடானது. இத்தனையும் ஒன்றாக நடந்தபோது சரிவு முழுவதையும் 16ஆம் பிரிவின் தலையில் கட்ட எந்த ஆதாரமும் இல்லை. பிறகு வந்த பெரும் சரிவுக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலில் பார்த்தபோது இரண்டாம் வகுப்பின் பாதி கழிந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு எழுத்து பிடிபடாமல் போனதற்கு ஆல் பாஸ் என்ன செய்யும்?

நிறுத்திவைப்பால் உண்மையில் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் காணலாம். எட்டாம் வகுப்பில் கணிதத்தில் தேறாத பிள்ளையிடம் 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் பல நேரம் வரும் விடை 375. மூன்றிலிருந்து எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5 போட்டிருக்கும். சுழியத்திலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழையே எழுதியிருக்கும். ஐந்திலிருந்து இரண்டு போக 3. ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இது சோம்பலால் வந்த விடை அன்று. தனக்குப் புரிந்த ஒரு விதியைப் பிள்ளை பிசகாமல் பின்பற்றியிருக்கிறது, அந்த விதிதான் தவறு. கடன் வாங்கிக் கழிப்பது, அதிலும் பத்தாம் இடத்தில் சுழியம் இருக்கும்போது நூறாம் இடத்திலிருந்து கடன் வாங்குவது, மூன்றாம் வகுப்பு வாக்கில் பிடிபட்டிருக்க வேண்டும். அது பிடிபடாத பிள்ளைக்கு வகுத்தல் வராது. வகுத்தல் வராத பிள்ளைக்குப் பின்னம் வராது. பின்னம் வராத பிள்ளை இயற்கணிதச் சமன்பாட்டின் முன்னால் ஊமையாக நிற்கும். இந்தப் பிள்ளையை எட்டிலேயே நிறுத்தினால் அடுத்த ஆண்டு அதற்குக் கிடைப்பது அதே எட்டாம் வகுப்புப் புத்தகம், அதே வர்க்கமூலம், அதே இயற்கணிதம். விட்டுப்போன கழித்தல் பாடம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. புரியாததை இரண்டாம் முறை கேட்கும் பிள்ளை, தனக்குப் படிப்பு வராது என்ற முடிவை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளும்.

தமிழ் வாசிப்பிலும் இதே கதைதான். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஒரே ஒலி என்பது பதியாத பிள்ளை ‘பொ’வை ‘பெ’ என்றும் ‘பா’ என்றும் மாற்றி மாற்றி வாசிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் சரிசெய்யக்கூடிய தடுமாற்றம் இது. ஆனால் ஆண்டுத் தேர்வு அதை 22 மதிப்பெண் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். எது தெரியவில்லை என்பதை அந்த எண்ணிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் வைக்கும் வடிகட்டி, இரண்டாம் வகுப்பில் தொடங்கிய தடுமாற்றத்தை மூன்று ஆண்டு தாமதமாகக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த பிறகும் அதைத் தொடுவதில்லை.

ஃபெயில் பயம் இருந்தால் படித்துவிடுவார்கள் என்பது இந்த வாதத்தின் முதுகெலும்பு. பயத்தால் தூண்டப்படக்கூடிய பிள்ளை யார் என்று நிதானமாக யோசிக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்து, முயன்றால் தேறக்கூடிய பிள்ளைதான் பயந்து கூடுதலாகப் படிக்கும். அந்தப் பிள்ளைக்கு நிறுத்திவைப்பு எப்படியும் நேரப்போவதில்லை. வாசிக்கவே வராத பிள்ளைக்குப் பயம் எதைச் சொல்லிக்கொடுக்கும்? எழுத்துத் தெரியாதவரை அச்சுறுத்தி வாசிக்க வைக்க முடியாது. பிரம்பைப் பிடுங்கிக்கொண்டதால்தான் மாணவர்கள் கெட்டார்கள் என்ற புலம்பலும் இதே நம்பிக்கையிலிருந்து பிறப்பதே. பிரம்பு ஓங்கியிருந்த காலத்தில் படிக்காமல் ஓடிப்போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் தங்கவில்லை. தங்கிப் படித்தவர்கள் மட்டும் இன்று அந்தக் காலத்தைப் புகழ்கிறார்கள்.

நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் பள்ளிகள் அதை எதற்குப் பயன்படுத்தும் என்பதற்கு வெளியே போய்த் தேட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு 16ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு வெளியே இருக்கிறது. பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற, தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்துவதும், டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வதும், தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று அனுப்புவதும் தமிழகப் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாசலில் கட்டும் பதாகையில் இந்தப் பிள்ளைகளின் கணக்கு வராது. அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பை இரண்டாம் முறை கற்பித்துத் தேற்றிவிட்டதாகப் பெருமை பேசும் பள்ளியைக் காண்பது அரிது. வடிகட்டியவர்களுக்கு வேண்டியிருந்தது விழுக்காடு, அது கிடைத்துவிட்டது. பதினோராம் வகுப்பு அனுபவமும் இதையே காட்டுகிறது. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் பள்ளிகளைத் திருத்த 2017-18இல் அங்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது கைவிடப்பட்டது. தேர்வைக் கூட்டுவதால் கற்பித்தல் சீராகிவிடும் என்ற நம்பிக்கை ஒருமுறை சோதித்துக் கைவிடப்பட்ட பின்பும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு அதையே பரிந்துரைக்கிறார்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1996இல் இதே வழியில் இறங்கியது. மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாதவர்களுக்குக் கோடை வகுப்பு நடத்தி, அதன்பிறகும் தேறாதவர்களை நிறுத்தியது. சிகாகோ பள்ளிகளை ஆராயும் கூட்டமைப்பு 2004இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களுக்கு நிலைத்த பயன் இல்லை, ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் மேலும் பின்தங்கினார்கள், எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளியை விட்டுப் போவது கூடியது. கோடை வகுப்பு பலருக்கு ஓரளவு உதவியது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. அதாவது கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தது பலித்தது, நிறுத்திவைத்தது பலிக்கவில்லை. கற்றல் தரத்தில் முன்வரிசையில் நிற்கும் ஜப்பானில் கட்டாயக் கல்விக் காலத்தில் எவரையும் நிறுத்திவைப்பதில்லை.

யார் ஃபெயில் ஆவார்கள் என்ற கேள்வியை இந்த வாதக்காரர்கள் எழுப்புவதே இல்லை. வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளும், டியூஷனுக்குக் கட்டப் பணமும் இருக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் ஆகாது. பட்டியலில் வருவது செங்கல் சூளைக்கு இடம்பெயரும் குடும்பத்தின் பிள்ளை, அம்மா விடியலில் வேலைக்குப் போய்விடத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி, வேறு மொழி பேசும் மலைவாழ் குழந்தை, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை. எட்டாம் வகுப்பில் இவர்களுக்கு வயது 13, 14. கல்வி உரிமைச் சட்டம் காவல் நிற்பது 14 வயது வரை. 14 நிறைந்தால் அபாயமற்ற தொழில்களில் வேலைக்கு வைக்கலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு சொல்கிறது. சரியாக அந்தச் சந்தியில் ஒரு பிள்ளையிடம் நீ தேறவில்லை, தம்பி தங்கைகளோடு மறுபடி உட்கார் என்று சொன்னால், பையன் போகும் இடம் பனியன் கம்பெனியும் ஒர்க் ஷாப்பும். பெண்ணுக்கு நூற்பாலை அல்லது கல்யாணம். எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்த காலத்தில் ‘எட்டாவது ஃபெயில்’ என்பது ஆயுள் முழுதும் ஒட்டிய அடையாளமாக இருந்தது. வாடகை வண்டி, லாரி ஓட்ட உரிமம் பெறவும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. அந்த முத்திரையைப் பிள்ளைகளின் நெற்றியில் மறுபடி குத்துவதற்குத்தான் தரம் என்று பெயர் சொல்லப்படுகிறது.

ஆசிரியர்கள் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்பதற்கு விடை அவர்களின் வேலைநாளில் இருக்கிறது. சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர். தமிழகத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பகுதி இத்தகைய ஈராசிரியர் பள்ளிகள். கணக்கில் முப்பதுக்கு ஒருவர் என்பது தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த இருவரும் ஐந்து வகுப்புகளையும், அவற்றுக்குரிய இருபதுக்கும் மேற்பட்ட பாடப்புத்தகங்களையும் நடத்த வேண்டும். ஒருவர் தலைமையாசிரியர். வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுவது, ‘எமிஸ்’ எனப்படும் பள்ளித் தகவல் தளத்தில் விவரம் சேர்ப்பது, புத்தகமும் சீருடையும் காலணியும் எடுத்துவந்து வழங்கிக் கணக்கு எழுதுவது, ஆதாருக்கும் வங்கிக் கணக்குக்கும் பெற்றோரைத் தேடுவது, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுவது எல்லாம் அவர் மேல். ஒருவருக்குப் பயிற்சி வகுப்பு வந்தால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே ஆளிடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விலக்கே எவ்வளவு அகலமானது என்பது 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது தெரிந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் படிவங்களோடு தெருத்தெருவாக அலைந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் விளக்கம் கேட்கப்படுவது ஆசிரியரிடம். நேரமும் ஆளும் கேட்டால் கிடைக்காது, பிரம்பு சட்டப்படி கூடாது. கையில் மிஞ்சக்கூடிய ஒரே கருவியாக ஃபெயில் அவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது அவர் சுமையில் ஒரு பிடியைக்கூடக் குறைக்காது. நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அடுத்த ஆண்டு அவர் வகுப்பிலேயே, வயதில் மூத்தவர்களாக, மனம் கசந்தவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். கீழிருந்து வரும் புதியவர்களும் சேர வகுப்பின் எண்ணிக்கை கூடும். 2019 திருத்தம் தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பித்து, முடிவு வெளியாகி இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்கச் சொல்கிறது. தமிழகத்தில் அந்த இரண்டு மாதம் கோடை விடுமுறையில் விழும். கற்பிக்கக் கூடுதல் ஆசிரியர் பணியிடம் எதையும் திருத்தம் ஏற்படுத்தவில்லை. ஆண்டு முழுவதும் வராததை மே மாத வெயிலில் யார் எப்படி வரவழைப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த ஏற்பாட்டில் பழி மட்டும் இடம் மாறுகிறது. பள்ளி கற்பிக்கத் தவறியது என்று இருந்த கணக்கு, பிள்ளை தேறத் தவறியது என்று திருத்தி எழுதப்படுகிறது. ஆசிரியர் இயக்கங்கள் இதை ஆதரிக்கும்போது, கூடுதல் பணியிடம் கேட்கத் தங்களுக்கு இருக்கும் வலுவான ஆதாரத்தைத் தாங்களே கைவிடுகின்றன.

மாற்று வழி தெரியாமல் போய்விடவில்லை. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் திறன் குன்றிய பிள்ளைகளுக்காக ‘திறன்’ வந்தது. நோக்கில் இவை சரியான திட்டங்கள், ஏனென்றால் 503இலிருந்து 278ஐக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதையே கற்பிக்க முயல்கின்றன. செயலியில் அடிக்கடி மதிப்பீடு ஏற்றச் சொல்லி நேரத்தைத் தின்கின்றன என்ற ஆசிரியர்களின் புகாரும் நியாயமானதே. மதிப்பீட்டைப் பதிவேற்றும் நேரம் கற்பிக்கும் நேரத்தைக் கடித்தால் 2012இல் வளரறி மதிப்பீட்டுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும். அப்படி நேராமலிருக்க, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவுக்கு ஈராசிரியர் பள்ளிகளில் பணியிடம் கூட வேண்டும். பதிவேற்றத்துக்கும் வாக்குச்சாவடிப் பணிக்கும் வேறு ஆட்கள் வேண்டும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் வாசிக்க வராதவர்களுக்கு முதல் மாதங்களில் பாடத்தை ஒதுக்கிவைத்து எழுத்தும் கணக்கும் கற்பிக்க ஆசிரியருக்கு அனுமதி வேண்டும். பாடப்பகுதி முடியவில்லை என்று அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு வடிகட்டலையும் அரசு நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டோடு, ஆறில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வறைக்கு வந்தார்கள் என்பதையும் பள்ளிவாரியாக வெளியிட்டால், யார் எங்கே காணாமல் போனார்கள் என்பது தெரியவரும்.